கம்பத்தடிப் புல்

ஆலையில் அவரைச் சவரக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரியைத் தொட்டவரில்லை, அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். ஆளுயரப் புல்லிலிருந்து வண்டிக்கு ஊற்றும் எரிபொருள் எடுக்கிற ஆலை அது. மற்ற ஓட்டுநர்கள் கணுக்கால் உயரத்துக்குத் தாள் விட்டு வெட்டுவார்கள். இவர் மண்ணோடு மண்ணாக வழித்துவிடுவார். "இவர் வெட்டின வயல்ல படுத்துத் தூங்கலாம், ஒரு தாள் குத்தாது" என்று எடைமேடைக்காரர் ஒருமுறை சொன்னதை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். வேறெதிலும் அவர் பேர் வாங்கியதில்லை.

ஆலையின் புல்வயலை ஒட்டி அவருடைய அக்காவின் பீன்ஸ் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு. முன்பு பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்தவள் அக்கா. அதிலிருந்து நாலு படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்கும். மருந்து வாசனையே ஆகாது என்றுவிட்டார் டாக்டர். ஆனாலும் பக்கத்தில் புல் வந்த பிறகு தோட்டத்தில் பூச்சித் தொல்லை குறைந்திருந்தது. "என் ராசிடா" என்பாள் அக்கா. தம்பி தலையாட்டுவார்.

அவள் தோட்டத்தை ஒட்டிய புல் ஓரம் மட்டும் எப்போதும் பரட்டையாக நின்றுவிடும். வண்டி திரும்ப இடமில்லை. சென்ற பனிக்காலத்தில் அது அவர் கண்ணை உறுத்தியது. அக்கா ஜன்னலைத் திறந்தால் பளிச்சென்று தெரியட்டும் என்று, வண்டியைப் பின்னால் எடுத்து எடுத்து அந்த ஓரத்தையும் வழித்தார். விளக்குக் கம்பத்தடியில் கத்தி நுழையாத ஒரு புதர்தான் மிச்சம்.

பீன்ஸ் பூவிடும் நேரத்தில் அசுவினிப் பூச்சி அப்பியது. குருத்தெல்லாம் கரி பூசினாற்போல். அவர் போய்ப் பார்த்தபோது அக்கா வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து தெளிப்பானை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற?"

"பார்த்தா தெரியல? பல்லு வெளக்கப் போறேன்."

"உசுரு போயிடும்க்கா."

"தோட்டம் போனா மட்டும் உசுர வச்சு என்னடா பண்றது? தள்ளு."

"குடு, நான் அடிக்கிறேன்."

"நீ அடிச்சாலும் காத்து என் ஜன்னலுக்குத்தான் வரும்" என்றாள். ஆனாலும் கொடுத்துவிட்டாள். இழுத்து வந்த களைப்பு.

வீட்டிலிருந்து தள்ளித் தொடங்கலாமென்று கம்பத்துப் பக்கம் போனார். முதல் செடியில் அசுவினி இல்லை. அடுத்ததிலும் இல்லை. இலையைத் திருப்பினார், சிவப்பு முதுகில் கரும்புள்ளி வைத்த பொறிவண்டு ஒன்று வாயில் கடைசி அசுவினியோடு நகர்ந்தது. கம்பத்தடிப் புதரை விலக்கினார். தாளுக்குத் தாள் பொறிவண்டுகள், நூலில் தொங்கும் சிலந்திகள். பனிக்காலமெல்லாம் அங்கேதான் ஒடுங்கிக் கிடந்திருக்கின்றன. இதுபோல வரப்பு நெடுகக் கிடந்தவற்றின் கூரையைத்தான் அவர் வழித்தெடுத்திருந்தார்.

தெளிப்பானை இறக்கிவைத்துவிட்டு வாளியோடு வந்தார். பூச்சிகளைத் தட்டி வாளியில் சேர்த்து, நடு வரிசைகளில் கொண்டுபோய் விட்டார்.

"பூச்சிக்கு மருந்தடிக்கச் சொன்னா, பூச்சியவே கொண்டாந்து கொட்டுறான்" என்றாள் அக்கா.

"நான்தான்க்கா கெடுத்தேன்" என்றார். அவள் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

நடு வரிசைகள் பாதிக்கு மேல் கருகிப் போயின. கம்பத்துப் பக்கம் காய்த்தது. தெளிப்பான் கொட்டகைக்குத் திரும்பியது.

அடுத்த அறுவடையில் மேற்பார்வையாளர் வரப்பில் நின்று கேட்டார்: "என்ன சவரக்காரரே, ஓரத்துல குடுமி விட்டிருக்கீங்க? மத்த இடத்துலயும் தாள் நிக்குது. கை தளந்துபோச்சா?"

"ஆமா சார்" என்றார். அந்த ஓரம் ஆலையின் புல். விளக்கம் சொன்னால் வெட்டச் சொல்வார்கள்.

இப்போது சவரக்காரர் என்று வேறோர் ஓட்டுநரைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேர் காதில் விழும்போது இவர் இன்னும் திரும்பிப் பார்த்துவிடுகிறார். பிறகு வண்டியை எடுக்கிறார். அக்காவின் ஜன்னலை நெருங்கும்போது கத்தியை உயர்த்துகிறார்.