அடாப்டரில் புறங்கை

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால், மகளின் வீடியோ கேம் பெட்டி அணைந்து கிடந்தது. பிளக்கைப் பிடுங்கியவர் அப்பா. “சூடா இருந்துச்சு, நிறுத்திட்டேன்” என்றார். இதையேதான் நான் ஏழாவது படிக்கும்போதும் சொன்னார்.

அன்றைய கேம்களைப் பாதியில் சேமித்துவைக்க வழி கிடையாது. அதற்கொரு தந்திரத்தை வகுப்புத் தோழன் சலீம்தான் சொன்னான். “ஸ்டார்ட் பட்டன அமுக்கி ஆட்டத்த நிறுத்துடா. டிவிய மட்டும் ஆஃப் பண்ணு, பெட்டி ஓடட்டும். நீ வர்ற வரைக்கும் அப்படியே நிக்கும்.” கடைசி ஸ்டேஜின் கோட்டை வாசலில் நிறுத்தி, பெட்டியைத் துண்டால் மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் ஓட்டினார். மோட்டாரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுட்டால் நிறுத்திவிடுவார், நிறுத்தாவிட்டால் உள்ளே செம்புக் கம்பிச் சுருள் கருகிவிடும். வீட்டுக்கு வந்ததும் உப்புப் பூத்த அதே புறங்கை என் அடாப்டருக்கு வரும். சாயங்காலம் டிவியைப் போட்டால் மறுபடி முதல் ஸ்டேஜ். சொல்லிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். அடாப்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளித்தேன், சூடேறிய வாசனையிலேயே கண்டுபிடித்தார்.

“விடுங்கப்பா, அதுவே சேவ் ஆயிருக்கும்” என்கிறாள் மகள். அவளுக்கென்ன? அந்தக் கோட்டைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.