முன்னால் இழுத்த சீட்

பட்டிப்பொலவுக்குப் போகும் வழியில், பனிமூட்டத்துக்குள் திடீரென்று எதிரே வந்த லொறிக்கு ஒதுங்கப்போய், அண்ணனின் காரை ரோட்டோர மழைநீர்க் கானுக்குள் இறக்கிவிட்டேன். சிநேகிதி வீட்டு விசேஷத்துக்காக இரவல் வாங்கிய கார் அது. லொறிக்காரன் நிற்கவே இல்லை. ஸ்டியரிங்கில் மோதிய என் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது.

போன் பண்ணியதும் அண்ணன் த்ரீவீலரில் வந்து இறங்கினார். நசுங்கிய முன்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்தக் கார் ஹயர் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதது சுருக்கென்று தைத்தது.

"இன்சூரன்ஸ்காரர் வர்றாரு. நான்தான் ஓட்டுனேன்னு சொல்லப்போறேன். நீ பக்கத்துல இருந்த, வெளங்குச்சா?"

"எனக்கும்தான் லைசன் இருக்கே."

"இருந்து என்னா? இன்சூரன்ஸ் என் பேர்லதான இருக்கு. நீ ஓட்டுனேன்னு தெரிஞ்சா ஒன்னும் தர மாட்டாங்க."

வீங்கிய கை காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டேன். அண்ணனுக்குப் பொய் சொல்லவே வராது.

இன்சூரன்ஸ்காரர் நுவரெலியா டவுன் முஸ்லிம் ஆள். சுற்றிவரப் படம் எடுத்தார்.

"யாரு ஓட்டினது?"

"நான்தாங்க," என்றார் அண்ணன், நிலத்தைப் பார்த்தபடி.

"சரி, ஏறிச் சாவியப் போடுங்க. மீட்டரப் படம் எடுக்கோணும்."

அண்ணன் ஆறடி. நான் அவர் தோளுக்கும் எட்டாதவள். சீட்டை முன்னால் இழுத்துப்போட்டுத்தான் ஓட்டியிருந்தேன். ஒரு காலை உள்ளே வைத்ததுமே அவருடைய முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. மறுகாலை என்ன செய்வதென்று தெரியாமல் வெளியிலேயே நின்றார். இன்சூரன்ஸ்காரர் சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க ஓட்டுனேன்," என்று லைசனை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அண்ணனிடம் சொன்னார்: "உங்க பொலிசி வாகனத்துக்கு. லைசன் உள்ள யாரு ஓட்டினாலும் தருவாங்க. நீங்க பொய்யச் சொல்லிக் கையெழுத்து வச்சிருந்தாத்தான் எல்லாம் போயிருக்கும்."

அண்ணன் காரில் சாய்ந்து மூச்சு விட்டார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"அது சரி, தங்கச்சி, ஏன் இடது கையால தாறீங்க?" என்று கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

சால்வையை விலக்கிக் காட்டினேன்.

"இது எப்ப ஆச்சு?" என்றார் அண்ணன்.

"கார்ல நானும் இருந்தேன், அண்ணே."