ஸ்ட்ரெதமில் ஒரு தேர்தல் நிதிக் கூட்டம்

வெள்ளிக்கிழமை பிற்பகல். ஹீத்ரோவிலிருந்து டூட்டிங் பிராட்வே வந்துசேர, வழியில் ஒருமுறை ரயில் மாறி, ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 1994-ன் இலையுதிர்காலம். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறவள். அமெரிக்க அதிபர் தேர்தல்களுக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள், எந்தெந்தக் கட்சிகள் எதற்காகக் கூட்டுச் சேர்ந்தன என்பதைப் பற்றி லண்டன் நூலகமொன்றில் மூன்று வாரம் படிக்கப் போயிருந்தேன். தங்க இடம் கொடுத்தவள் பத்மா. அவளுடைய தம்பி என்னிடம் படித்தவன். பத்மா மருத்துவமனையில் தாதி. அவள் கணவர் சிவா பெட்ரோல் நிலையம் ஒன்றில் மேலாளர். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

சனிக்கிழமை மதியம் அப்பர் டூட்டிங் ரோட்டில் மூவரும் சாப்பிட்டோம். ஒரு தட்டு இடியாப்பமும் சொதியும் இரண்டு பவுண்டு. இலங்கையில் அப்போது ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பல கட்சிகள் சேர்ந்த ஒரு கூட்டணிக்கு நிதி சேர்க்க, கொழும்பிலிருந்து ஒரு தமிழ் வழக்கறிஞர் வந்திருந்தார்.

"நீங்கள் புத்தகத்தில படிக்கிறது பின்னேரம் ஸ்ட்ரெதமில நடக்குது அக்கா. வாறியளோ?" என்றார் சிவா.

"கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

மாலை 57-ஆம் எண் பேருந்து. இரண்டு மைல்தான், ஆனால் கடைத்தெரு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தது. மண்டபம் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமானது. வாசலில் வடை, தேநீர், நிதி போட மரப்பெட்டி ஒன்று. எண்பது பேராவது இருப்பார்கள். டாக்டர்கள், கடைக்காரர்கள், அப்போதுதான் ஷிப்ட் முடித்து வேலை உடையோடு வந்தவர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை என்பது எனக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

வழக்கறிஞர் குணரட்ணத்துக்கு அறுபது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினார். போர் நிற்கும், பேச்சுவார்த்தை நடக்கும், தமிழர் பகுதிக்கு அதிகாரம் வரும் என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் சிவா எழுந்தார்.

"ஐயா, இஞ்ச சொன்னதைத் தெற்கில, மாத்தறையில மேடை போட்டுச் சிங்களத்தில சொல்லுவியளோ?"

குணரட்ணம் தண்ணீர் குடித்தார்.

"போர் நிற்கும் எண்டு சொல்லுவம். அதிகாரம் எண்டு இப்ப சொல்ல ஏலாது தம்பி. சொன்னால் கூட்டணியில பாதிப் பேர் கழண்டு போயிடுவினம்."

"அப்ப எங்கட காசு எந்தப் பேச்சுக்கு?"

"பேச்சுக்கு இல்லை. வாகனத்துக்கும் போஸ்டருக்கும்."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். "நான் குடுக்கேல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார் சிவா. பக்கத்தில் இருந்த பத்மா கைப்பையைத் திறந்து ஓர் உறையை எடுத்தாள்.

"நீங்கள் சொல்லுறது சரி. நான் குடுக்கிறன்" என்றாள் கணவரிடம். கோபமில்லாத குரல். எல்லோரும் பார்க்க நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

திரும்பும் பேருந்தில் சிவா மாடிக்கு ஏறினார். பத்மா கீழே உட்கார்ந்தாள். யாரோடு போவது என்று தெரியாமல் படிக்கட்டருகே கம்பியைப் பிடித்தபடி டூட்டிங் வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை. அடுத்த கூட்டம் லண்டனின் கிழக்குக் கோடியில், செவன் கிங்ஸில். குணரட்ணத்தைக் காரில் அழைத்துப் போவதாகச் சிவா முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். வேறு ஆளைப் பார்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்ன நேரத்துக்குக் காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். பதினாறு மைல் போல இருக்கும். பிளாக்வால் சுரங்கத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. நான் என்ன படிக்கிறேன் என்று குணரட்ணம் கேட்டார்.

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே கட்சி, வடக்கே நகரத் தொழிலாளியிடம் ஒரு பேச்சும் தெற்கே விவசாயியிடம் வேறொரு பேச்சும் பேசிய கதையைச் சொன்னேன். செலவைக் கொடுத்த முதலாளிகளிடம் மூன்றாவதாக ஒரு பேச்சு.

"அவைக்கு வசதி. ஒரு ஊர்ப் பேப்பர் மற்ற ஊருக்குப் போகாது" என்று குணரட்ணம் சிரித்தார். பிறகு சாலையைப் பார்த்தபடி, "ராத்திரி எனக்கு நித்திரை இல்லை தம்பி" என்றார். சிவா குளிராக இருக்கும் என்று கார் ஹீட்டரைக் கூட்டினார்.

செவன் கிங்ஸில் சிவா கேள்வி கேட்கத் தேவை வரவில்லை. குணரட்ணமே தொடங்கினார். "நேற்று ஒருவர் ஒரு கேள்வி கேட்டவர். அதுக்கு மறுமொழியைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதைப் பேசப்போறன்" என்று, தெற்கில் எதைச் சொல்ல முடியும், எதை முடியாது என்பதை ஒளிக்காமல் சொன்னார். முன்வரிசையில் நான்கைந்து பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்து கேட்டார்கள். இறுதியில் பெட்டியைக் கொண்டுபோக ஆள் இல்லாமல் நின்றபோது சிவா எழுந்தார். அவர் எதுவும் போடவில்லை. ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்தார்.

நான் லண்டனில் இருக்கும்போதே முடிவு வந்தது. அந்தக் கூட்டணி வென்றது. அடுத்த ஜனவரியில் போர் நின்றது; ஏப்ரலில் மறுபடி தொடங்கியது. அதையெல்லாம் பிறகு சென்னைப் பத்திரிகைகளில் படித்தேன்.

புறப்படும் நாளன்று பத்மா என்னோடு டூட்டிங் பிராட்வே நிலையம் வரை வந்தாள். எங்கள் ஊரில் தேர்தல் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பிரியாணியும் பணமும் கொடுப்பார்கள், இங்கேயோ வாக்கே இல்லாதவர்கள் பணம் கொடுக்கிறீர்களே என்றேன்.

"ஆர் சொன்னது வோட் இல்லையெண்டு? இஞ்ச எங்களுக்கு வோட் இருக்கு அக்கா. கவுன்சில் எலெக்‌ஷனுக்கு வீடு தேடி வந்து, குப்பை எடுக்கிற வண்டி எந்த நாள் வரவேணும் எண்டு என்னட்டக் கேட்டவை. நானும் வியாழக்கிழமை எண்டு சொன்னனான்." ரயில் வரும் ஓசை கேட்டது. என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். "அங்க எனக்கு வோட் இல்லை. ஆனா அம்மா அங்கதானே இருக்கிறா."