ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல்

ஈர மிலாறு எரியும்போது வருகிற புகைக்கு ஒரு புளித்த வாடை உண்டு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைத்தான் நாங்கள் "மிலாறு" என்போம். மடுல்சீமையில் மழை தொடங்கிவிட்டால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் "காம்பரா"வில் சோறு, துணி, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாடைதான். அந்த ஒற்றை அறைக்குள், என்னைவிடச் சின்னவனான தம்பி மோகன் இழுப்பு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். விசில் போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

எட்டாம் ஆண்டில் விஞ்ஞான பாடத்தில் மாறிகள் வந்தன. ஜாம் போத்தல்களில் போஞ்சி விதை போட்டு, ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்தோம். நாமாக மாற்றுகிற வெளிச்சம் சாரா மாறி. அதனால் மாறுகிற இலையின் நிறம் சார்ந்த மாறி. விதை, தண்ணீர், போத்தல் என்று மாறவிடாமல் காக்க வேண்டியவை கட்டுப்பாட்டு மாறிகள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டீச்சர். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டில் நடந்தது வேறு விஞ்ஞானம். "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்று லயத்துப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, அம்மா ஒரே வாரத்தில் மோகனுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து கொடுத்தாள், கோயில் கயிறு கட்டினாள், படுக்கையை அடுப்படியிலிருந்து "இஸ்தோப்பு" என்கிற முன்தாழ்வாரத்துக்கு மாற்றினாள். ஒவ்வொன்றாகச் செய்தால்தானே தெரியும் என்று நான் கேட்டபோது, கொழுந்து பறித்து வந்த கையோடு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவள், "அவன் மூச்சு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா பாப்பா?" என்றாள்.

எதற்கும் இழுப்பு அடங்காமல் போகவே, அவனைப் பதுளையில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே காற்றில் சூடு இருந்தது, காஸ் அடுப்பு இருந்தது, சுவர் காய்ந்திருந்தது, டவுன் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். இழுப்பு நின்றது. திரும்பக் கூட்டி வந்தால் எதனால் மறுபடி வருமோ என்ற பயத்தில், அங்கேயே படிக்கட்டும் என்று அப்பா முடிவு செய்தார். நாங்கள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அவனும் எங்களை விருந்தாளிகளைப் போல உபசரிக்கக் கற்றுக்கொண்டான்.

அப்படித் திரும்பி வந்த ஒரு பஸ் பயணத்தில்தான் அம்மா கேட்டாள். "காத்து மாறுச்சு, அடுப்பு மாறுச்சு, எல்லாம் சரி. அங்க நானும்தான் இல்ல. என்னாலதான் அவனுக்கு இழுத்துச்சா பாப்பா?"

இல்லை என்றேன். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். தெரியாது. அதற்குப் பிறகு அத்தை வீட்டுக்குப் போனாலும் அம்மா அவனைத் தொட மாட்டாள், வாசல் பக்கம் தள்ளியே உட்காருவாள். கேட்டால், மேலெல்லாம் கொழுந்து வாடை என்பாள்.

இப்போது பண்டாரவளையில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். அம்மா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். கொள்ளி வைக்க வந்த மோகன், கருமாதி முடியும் வரை அந்தக் காம்பராவிலேயே தங்கினான். மிலாறு அடுப்பு இல்லை, அந்தப் புகை இல்லை, அம்மாவும் இல்லை. பூஞ்சணம் பூத்த ஈரச் சுவர் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் அந்த விசில் சத்தம் கேட்டது.

சாம்பிராணி, அழுகை, வந்துபோகும் சனம் என்று எவ்வளவோ இருந்த வீட்டில் அது ஒழுங்கான பரிசோதனை ஆகாது. என் வகுப்புப் பிள்ளைகள் எழுதியிருந்தால் புள்ளி குறைத்திருப்பேன். எனக்கு அழுகை வரவில்லை, அம்மா இறந்த நாளிலிருந்தே வரவில்லை. தம்பிக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு, "நீ இல்லாதப்பவும் வருதும்மா" என்று சொல்ல, அவள் குந்தியிருந்து அடுப்பு ஊதும் மூலைக்குத் திரும்பினேன். அங்கே காஸ் சிலிண்டர் நின்றது.