விசிறிக்கு வைத்த பெயர்

ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் மதுவந்திக்கு வேலை. அங்கே செய்யும் கணினிப் பலகையில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பை அவள்தான் எழுதுவாள். எந்தப் பாகமானாலும் அது செய்யும் வேலையை வைத்தே பெயரிட வேண்டும்.

புதுப் பலகையின் விசிறி ஓயாமல் இரைந்தது. பலகையை வடிவமைத்த வைரவனும் உரக்கப் பேசுகிறவன். மதுவந்தி விளையாட்டாக விசிறிக்கு ‘வைரவன்’ என்று பெயர் வைத்து, ‘நிறுத்தவே முடியாது’ என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவள் மறந்தே போனாள். கோப்பு அப்படியே உலகெங்கும் கெர்னல் எழுதுகிறவர்களின் பொது மின்னஞ்சல் குழுவுக்குப் போய்விட்டது.

மறுநாள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: “வைரவன் என்பது என்ன பாகம்? அதை ஏன் நிறுத்த முடியாது?”

அந்தக் குழுவில் வைரவனும் இருந்தான்.

மதுவந்திக்கு உடம்பே கூசிப்போயிற்று. பெயரைத் திருத்தி மறுபடி அனுப்பினாள். ஆனால் முதலில் போன மடலை அழிக்க வழியில்லை. அவனிடம் போய் நின்றாள்.

“சாரி வைரவன். ரொம்ப அல்பமா நடந்துண்டுட்டேன்.”

“பரவால்ல மது. தி.நகர்ல எங்க துணிக்கடையில கத்தினாத்தான் ஆளுங்க திரும்பிப் பாப்பாங்க. சின்ன வயசுலேருந்து அதுவே பழகிப்போச்சு.”

அதைக்கூட அவன் மிக மெதுவாகச் சொன்னான். இப்போதெல்லாம் மீட்டிங்கிலும் அப்படித்தான் பேசுகிறான். “கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா” என்று யாராவது கேட்டால், மதுவந்தி தலையைக் குனிந்துகொள்கிறாள்.