கிரில்காரர் செய்த கனத்த எலக்ட்ரான்கள்

கிரில்காரர் என்றால் அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரும்புப் பட்டறையில் தரை கூட்டி, அப்புறம் வெல்டிங் பிடித்து, கடைசியில் சொந்தமாகவே ஒரு பட்டறை போட்ட மனுஷன். யாரிடமும் போய் உதவி என்று நின்றதில்லை. அதைத் தினம் நாலு பேரிடம் அவரே சொல்லுவார். சொல்லட்டுமே, தன் கையால் மேலே வந்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்லுவது? அந்த வட்டாரத்து ஜன்னல்களில் பாதிக்குமேல் அவர் அடித்த கம்பிதான். ஆனால் ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. ஜன்னலில் யார் பெயர் போடுகிறார்கள்?

அதனால்தான் அறிவியல் டீச்சர் வந்து, பள்ளி முகப்பில் நிறுத்த ஆள் உயரத்துக்கு ஓர் அணு வேண்டும், செய்தவர் பெயர் பித்தளைத் தகட்டில் கீழே வரும் என்றதும், மீதியைக் கேட்காமலே சரி என்றுவிட்டார். அவரை மூன்றாம் வகுப்போடு வெளியே விட்ட அதே பள்ளிக்கூடம். அங்கே தன் பெயர் பித்தளையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

டீச்சர் பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார்.

"நடுவுல ஒரு கொத்து. சிவப்பு ஆறு, அது புரோட்டான், பாசிட்டிவ். சாம்பல் ஆறு, அது நியூட்ரான். எடை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா நியூட்ரானுக்கு பாசிட்டிவும் இல்ல, நெகட்டிவும் இல்ல."

"ஒண்ணுமே இல்லாதது அங்க எதுக்கு உக்காந்திருக்கு?"

"ஞாயித்துக்கிழமை நீங்க உக்காந்திருக்கிற மாதிரிதான்" என்றாள், தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி.

டீச்சர் சிரித்துவிட்டார். "புரோட்டான் எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளும் சார். கொத்து கலையாம நிக்க நியூட்ரானும் வேணும். சுத்தி வளையத்துல ஆறு எலக்ட்ரான், நெகட்டிவ். ஆறுக்கு ஆறு நேராயிடுச்சா, மொத்தமா பாத்தா அணு எந்தப் பக்கமும் சாயாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. எலக்ட்ரான் ரொம்ப லேசு. புரோட்டான் ஒரு கிலோன்னா இது ஏறக்குறைய அரை கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பிளாஸ்டிக் பந்து போதும்."

கிரில்காரர் தலையாட்டினார். மனசு ஆடவில்லை. ஒருவனுக்கு ஒருவன் சரிக்குச் சரியாக நிற்கிறான் என்கிறார்கள். அதில் ஒருத்தன் ஆளாம், இன்னொருத்தன் உப்பாம். எந்த ஊர் நியாயம்? இரும்பை எடை போட்டே வாழ்ந்தவருக்கு அது இறங்கவில்லை. மேலும், தன் பெயர் போட்ட வேலையில் பிளாஸ்டிக்கா? ஆறு கெட்டி இரும்புக் குண்டுகளைத் தேடி வாங்கி, புரோட்டானுக்குச் சமமாகக் கடைந்து, நீல வண்ணம் அடித்து, வளையங்களில் அசைக்க முடியாதபடி பற்றவைத்தார். கனத்துக்கு ஏற்ற மாதிரி நடுத்தண்டையும் அதில் வளையங்களைப் பிடிக்கும் கழுத்துப் பட்டையையும் மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

வண்டி வரவேண்டிய நாள் மதியம், வளையங்களுக்கு நடுவே நுழைந்து கொத்துக்கு அடியில் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஒரு முனகல். நிமிர்வதற்குள், வளையங்களைத் தாங்கிய கழுத்துப் பட்டை கனம் தாளாமல் கோணிக்கொண்டு, தண்டோடு இறுகிவிட்டது. முன்னால் ஒரு வளையம் நெஞ்சோடு வந்து நின்றது. பின்னால் ஒன்று முதுகில் அழுந்தியது. குனியலாம் என்றால் முழங்காலுக்குக் குறுக்கே ஸ்டாண்டின் கம்பி. அடிபடவில்லை, நகரவும் முடியவில்லை.

தள்ளிப் பார்த்தார். தொந்தியை உள்ளே இழுத்துப் பார்த்தார். கூரைத் தகரம் கொதித்தது. வியர்வை கண்ணில் இறங்க, துடைக்கக் கை எட்டவில்லை. தண்ணீர்ச் செம்பு நாலடி தள்ளி மேசைமேல் இருந்தது. இரும்பு அறுக்கும் கிரைண்டர் அதற்கும் அப்பால். கத்தினால் பக்கத்துப் பட்டறையில் மச்சான் இருக்கிறான், மனைவியின் தம்பி. காற்றுக்குழாய்க்குத் தகரம் வளைக்கிறவன். 'காத்தடிச்சா பறக்கிற வேலை' என்று அவனை இத்தனை காலமாகக் கேலி செய்தவர் எப்படிக் கத்துவார்? வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். மூச்சு முழுசாக இழுத்தால் வளையம் நெஞ்சில் இடித்தது. அரை மூச்சாகவே இழுத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி பார்த்தாள். நேராகத் தம்பியிடம் போனாள்.

"என்ன மாமா, உள்ளயே குடித்தனம் வந்துட்டீங்களா?" என்று வந்தான் அவன்.

"பல்லைக் காட்டாத. தூக்கு."

அக்காளும் தம்பியும் சேர்ந்து தூக்கினார்கள். வளையம் மயிரிழைகூட அசையவில்லை. அவன் ஒரு நீலக் குண்டைத் தட்டிப் பார்த்தான்.

"கெட்டியா? யாராவது இதுல கெட்டி இரும்பு வெப்பாங்களா மாமா?"

"வெட்டுற வழியச் சொல்லு."

"வளையத்த அறுத்தா உடனே வெளிய வந்துடலாம்."

"வளையம் போச்சுன்னா அணுவே போச்சு. சாயங்காலம் வண்டி வருது."

"அப்ப கனம் குறையக் குண்ட ஒவ்வொண்ணா அறுக்கணும். நேரமாகும். பொறி எல்லாம் உங்க மேலதான் விழும்."

வெளியே வெயில் தெருவில் வெள்ளையாகக் கிடந்தது. எட்டிப்போட்டால் இரண்டடி. கிரில்காரர் அதை ஒருதரம் பார்த்தார்.

"குண்ட அறு" என்றார்.

மனைவி செம்பை அவர் வாயில் வைத்துத் தண்ணீர் புகட்டினாள். சாக்கை நனைத்துத் தலையோடு போர்த்தினாள். ஈரச் சாக்குக்குள் இருட்டு. காதுக்குப் பக்கத்தில் கிரைண்டர் அலறியது. பொறி விழுந்து சாக்கு பொசுங்கும் நாற்றம் மூக்கில் ஏறியது. ஒரு குண்டு தரையில் விழுந்தது. வளையம் விடவில்லை. இன்னொன்று. அப்போதும் விடவில்லை. கால் மரத்துப்போனது.

மூன்றாவது விழுந்த சத்தத்தோடு டீச்சரின் குரலும் கேட்டது. "சார் எங்க?"

"உள்ள இருக்காரு" என்றான் மச்சான்.

சாக்கு விலகியது. கரியும் வியர்வையுமாக அவர் முகம் புரோட்டான்களுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. சொல்ல எத்தனையோ சாக்குப்போக்கு நாக்கு நுனிவரை வந்தது. மட்டமான கழுத்துப் பட்டை விற்றவனைத் திட்டலாம், தரை சரியில்லை எனலாம்.

"எலக்ட்ரானுக்கு நான் கனம் வெச்சுட்டேன் டீச்சர்" என்றார். "நீங்க சொன்னீங்க. நான் நம்பல."

டீச்சர் தரையில் கிடந்த குண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இன்னிக்கு எப்படி சார் கொண்டுபோறது?"

"தகரத்துல உள்ள பொள்ளலா உருண்டை பண்ணித் தர்றேன்" என்றான் மச்சான். "சின்னதா, காத்து மாதிரி. ரிவெட் அடிச்சா முடிஞ்சுது. ராத்திரிக்குள்ள வண்டி ஏத்திடலாம்."

தகரம். கிரில்காரர் கண்ணை மூடித் திறந்தார். வளையம் நெஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"தகட்டுல என்ன பேர் எழுத?" என்றார் டீச்சர். "சாயங்காலம் செதுக்கக் குடுக்கணும்."

அவர் தன் பெயரை, அப்பா பெயரோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். டீச்சர் எழுதிக்கொண்டு திரும்பினார்.

"டீச்சர்" என்றது உள்ளேயிருந்து குரல். "கீழ இவன் பேரும் போட்டுடுங்க. சின்ன எழுத்துல."

"எவ்ளோ சின்னதா மாமா?"

"இன்னும் மூணு குண்டு இருக்கு. வேலையப் பாருடா" என்று சொல்லி, அவர் தலை குனிந்து சாக்குக்காகக் காத்திருந்தார்.