மச்சத் தொட்டி, மரக்கறித் தொட்டி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகேசன் மீன் வெட்டுவார். அந்த வீட்டில் வேறு எந்த வேலைக்கும் அவரை நேரம் குறித்து எதிர்பார்க்க முடியாது. பல்பு மாற்றச் சொன்னால் பல்பும் மனிசியும் களைத்துப் போகும்வரை இழுப்பார். மீனுக்கு மட்டும் ஒன்பது என்றால் ஒன்பது. சாரத்தை மடித்துக் கட்டி, குசினி யன்னலை ஒரு விரற்கடை திறந்துவிட்டு, மெல்லிய நீளக் கத்தியைத் தீட்டுகோலில் நாலு தரம் இழுத்தால், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் அந்த மாடிக்கட்டடம் முழுவதற்கும் விடிந்துவிட்டது என்று பொருள்.

கத்தி பாட்ஸ்பியோர்டிலிருந்து வந்தது. அவரும் அங்கிருந்துதான் வந்தவர். நோர்வேயின் வடகோடியில், அந்த ஊர் மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்றபோது, மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்க்க வந்தால் மணிக்கூட்டை விட்டுவிட்டு இவருடைய கையைத்தான் பார்ப்பாராம். ஒஸ்லோவுக்கு வந்தபின் பஸ் கழுவும் வேலை. பஸ்ஸை யாரும் அப்படிக் கழுவிப் புகழ் எடுத்ததில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் கீழ்மாடி வரதராசாவும் எதிர்வீட்டு மேரியம்மாவும் தங்கள் தங்கள் மீனை ஈரப்பையில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். மகேசண்ணை வெட்டின மீனைக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பது மேரியம்மாவின் நற்சான்றிதழ். பஸ் டிப்போவில் ஆறு நாளும் யாரும் கேட்காத அபிப்பிராயத்தை மகேசன் அந்த இரண்டு மணித்தியாலத்தில் தாராளமாகச் சொல்லித் தீர்ப்பார்.

குறை சிங்கில்தான் இருந்தது. கட்டடம் எழும்பிய காலத்தில், நாலு உருளைக்கிழங்கும் இரண்டு கோப்பிக் கோப்பையும் கழுவுகிற குடும்பத்தை மனத்தில் வைத்துப் பூட்டிய சிங்க். லக்ஸ் என்கிற சால்மன் மீனின் தலை உள்ளே இருந்தால் வால் வெளியே இருக்கும். வாலிலிருந்து வடிகிற தண்ணீர் நேரே கீழே இழுக்கிற கரண்டி லாச்சிக்குள் போகும்.

அதையாவது மனிசி ஜெயகுமாரி மன்னிப்பாள். அவளுடைய வழக்கு வெள்ளிக்கிழமையோடு. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற அவள், மற்ற விஷயங்களில் கடவுளை அதிகம் தொந்தரவு செய்கிறவள் அல்ல. ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம், மீனோ இறைச்சியோ, கிடையாது. மச்சச் சட்டிகளுக்குக் கீழ்த்தட்டு, மரக்கறிச் சட்டிகளுக்கு மேல்தட்டு. அகப்பைகூட இரண்டு சாதி. சிங்க் மட்டும் ஒன்று. ஆகையால் வியாழக்கிழமை பின்னேரம் அதைச் சோடா போட்டுத் தேய்த்து, மஞ்சள் கரைத்த கொதிதண்ணீர் ஊற்றி, தலையை உள்ளே விட்டு மணந்து பார்ப்பாள். பெரும்பாலும் மறுபடி தேய்க்க வேண்டி வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டடத்தின் பழைய குழாய்களையெல்லாம் வசந்தத்தில் மாற்றப் போகிறார்கள். எல்லா வீட்டுச் சிங்கும் கழற்றப்படும். புதிது வேண்டியவர்கள் வாங்கி வைத்தால் பூட்டித் தருவார்கள். ஜெயகுமாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"புதுச் சிங்குக்குள்ள மச்சம் வராது. இனி மீனைக் கடையில வெட்டுவிச்சுக்கொண்டு வாங்கோ."

கடையிலா? இறைச்சி வெட்டுகிறவன் விறகு தறிப்பதுபோலக் குறுக்கே நாலு போடு போட்டுத் தருவானே, அதையா? மகேசன் சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார். அப்படியென்றால் சனிக்கிழமை சனம் தன்னிடம் கொண்டுவருகிற மீனுக்கு என்ன வழி என்று கேட்டார்.

"பல்கனியில வெட்டுங்கோ. காத்தோட்டமாய் இருக்கும்."

பல்கனியில் அன்று மறை பன்னிரண்டு பாகைக் குளிர்.

மூன்று நாள் அவர் பஸ் கழுவியபடி யோசித்தார். நாலாம் நாள் தேத்தண்ணீர் குடிக்கும்போது வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றினார். இரட்டைத் தொட்டிச் சிங்க் வாங்குவது. "ஒண்டு மச்சத்துக்கு, ஒண்டு மரக்கறிக்கு. நடுவில சுவர். உம்மடை பக்கம் ஒரு செதில் வராது. நான் பொறுப்பு."

ஜெயகுமாரி இரண்டு நாள் தவணை கேட்டாள். அவளோடு ஒன்றாக நோர்வீஜிய வகுப்புக்குப் போன விசாலம், தஞ்சாவூர்க்காரி, முட்டைகூடத் தொடாதவள், தன் வீட்டில் கறுப்புக் கல்லில் வாங்கிப் பூட்டிய ஒற்றைச் சிங்கைப் பற்றித் தொலைபேசியில் முக்கால் மணித்தியாலம் சொன்னதைக் கேட்டாள். கடைசியில் சம்மதம் வந்தது, ஒரு நிபந்தனையோடு.

"ஒரு செதில் வந்தாலும் மீன் வெளியில. பிறகு கதையில்லை."

மகேசன் ஓம் என்றார். வாழ்க்கையில் அவ்வளவு விரைவாக அவர் ஓம் சொன்னது கலியாணத்தில் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை வந்த லக்ஸைப் பத்திரிகைத் தாளில் கிடத்தி, சுற்றிவரப் பென்சிலால் கீறி, செட்டையும் வாலும் பிசகாமல் வெட்டி எடுத்தார். எழுபத்திரண்டு சென்ரிமீற்றர் காகித மீன். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார். ஜெயகுமாரி தன் பங்குக்குச் சாம்பார்ச் சட்டியைத் தூக்கினாள். விருந்துக்கு மட்டும் மேல்தட்டிலிருந்து இறங்குகிற, இரண்டு காது வைத்த பெரிய சட்டி. பதினேழு வயது மகள் மிதுனா வாசலில் இருவரையும் பார்த்தாள்.

"மற்றவை அளவுநாடா கொண்டு போவினம். நீங்கள் மீனும் சட்டியும் கொண்டு போறீங்கள். சரியான பின்லி அப்பா." வெட்கக்கேட்டை அவள் எப்போதும் நோர்வீஜிய மொழியில்தான் படுவாள். கடைக்குள் போனதும் தண்ணீர்க் குழாய்கள் தொங்கிய பக்கமாக ஒதுங்கி, யாரோ அகதிக் குடும்பத்தைத் தூர நின்று பார்க்கிறவள்போல நின்றுகொண்டாள்.

விற்பனையாளன் மரியாதையான ஆள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். மூன்று என்றதும், பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றும் சின்ன வட்டச் சிங்க் ஒன்றும் தாராளம் என்று காட்டினான். முகம் கழுவலாம் என்று ஜெயகுமாரி தமிழில் தீர்ப்புச் சொன்னாள். விசாலத்தின் கறுப்புக் கல்லும் அங்கே இருந்தது. அவள் கையால் தடவிப் பார்த்தாள். சட்டி விழுந்தால் வெடிக்கும் என்றார் மகேசன். உண்மையில் அவர் பயந்தது வேறு: கறுப்பில் செதில் நட்சத்திரம் மாதிரித் தெரியும். பிறகு அவர் ஒவ்வொரு உருக்குச் சிங்கையும் விரல் மொழியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். தகரம் தகரமாகவே பேசியது.

நல்லவை கிடைத்தபோது மீன் படுக்கவில்லை. இரட்டைத் தொட்டி என்றால் இரண்டும் சின்னதாகத்தான் இருக்கும் என்பதை மகேசன் பஸ்ஸடியில் யோசிக்கவில்லை. காகித மீன் எதற்குள்ளும் சுருண்டு கருவாடு மாதிரி நின்றது. கடைசியில் விற்பனையாளனே மூலையிலிருந்த ஒன்றைக் காட்டினான்: ஒரு பக்கம் பெரிய தொட்டி, மறுபக்கம் சின்னது. மகேசன் மூலைக்கு மூலை மீனைக் கிடத்த, தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவனும் உதவினான். வால் சற்று மடிந்தது, அவ்வளவுதான்.

பெரியது யாருக்கு என்ற வழக்கு அங்கேயே தொடங்கியது. மீன் கிழமைக்கு ஒருநாள், தான் ஏழு நாளும் அதற்கு முன்னால் நிற்கிறவள் என்றாள் ஜெயகுமாரி. நியாயம்தான். மகேசன் சட்டியை வாங்கிச் சின்னத் தொட்டிக்குள் சரித்து இறக்கினார். ஒரு காது உரசி உள்ளே போனது.

"பாரும், சட்டி நிக்கும். மீன் நிக்காது, படுக்கத்தான் வேணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு வழக்காட முடியாது.

சித்திரை கடைசியில் குழாய் பூட்ட வந்தவன் கொன்ஸ்ரன்ரைன், குருநகர்க் கத்தோலிக்கப் பிள்ளை. ஜெயகுமாரி வேலைக்குப் போயிருந்தாள். அவன் சிங்குக்குக் கீழே மல்லாந்து கிடந்து வேலையை முடித்துவிட்டு மகேசனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு தொட்டியிலிருந்தும் இறங்கிய இரண்டு வெள்ளைக் குழாய்கள், அரை முழம் போவதற்குள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வளைவுக்குள் புகுந்தன. மகேசன் குனிந்தபடியே நின்றார். இரண்டையும் தனித்தனியாக விட முடியாதா என்று கேட்டார்.

"விடலாம் அண்ணை. ஆனால் சுவருக்குள்ள போய்ச் சேருமே. அங்கை மேல்வீட்டு ஆட்டிறைச்சித் தண்ணியும் நிக்குது." கொன்ஸ்ரன்ரைன் கையைத் துடைத்தான். "எங்களுக்கு வெள்ளிக்கிழமையில மீன்தான் சாப்பாடு. உங்களுக்கு வெள்ளிக்கிழமையில மீன்தான் ஆகாது. குழாய்க்கு இந்தச் சமயப் பிரச்சினை தெரியாது."

"அக்காட்டை மட்டும் சொல்லிப்போடாதை," என்றார் மகேசன்.

அன்று பின்னேரமே சிங்குக்குக் கீழ் அலுமாரியில் உருளைக்கிழங்குச் சாக்கும் வெறும் போத்தல்களும் ஒரு கோட்டை மதில்போல எழும்பின. ஓர் ஓட்டை மட்டும் மிச்சம்: குப்பை வாளி இருந்ததும் அதே அலுமாரியில்தான். மகேசன் அதற்கும் வழி கண்டார். பதினெட்டு வருடக் கலியாண வாழ்வில் குப்பைப்பை எந்தப் பக்கம் கட்டப்படும் என்று அறியாத மனிதர், நாள் தவறாமல் அதைத் தானே கட்டித் தானே கீழே கொண்டுபோனார். மிதுனா அப்பாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். உடற்பயிற்சி என்றார்.

ஏழு சனிக்கிழமைகள் ஒழுங்காகப் போயின. பெரிய தொட்டிக்குள் லக்ஸ் மூலைக்கு மூலை கிடந்தது. வரதராசா வந்து சிங்கைப் பார்த்துத் தலையாட்டினார். கரண்டி லாச்சி காய்ந்திருந்தது. வியாழக்கிழமைகளில் ஜெயகுமாரி மஞ்சள் தண்ணீரைத் தன் சின்னத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, மிச்சத்தை அவருடைய தொட்டிக்குள்ளும் ஊற்றினாள். மனிசிக்குப் பெருந்தன்மை கூடிவிட்டது என்று மகேசன் நினைத்துக்கொண்டார்.

எட்டாவது வெள்ளிக்கிழமை விசாலமும் புருஷன் நடராஜனும் முதல் தடவையாகச் சாப்பிட வருவதாக இருந்தது. மகேசன் மூன்று மணிக்கு வேலையால் வந்தபோது குசினியில் சத்தமில்லை. சாம்பார்ச் சட்டி இறக்கி வைத்திருந்தது. ஜெயகுமாரி சின்னத் தொட்டிக்கு முன்னால், ஆட்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். தொட்டிக்குள் அரை மட்டத்துக்குத் தண்ணீர் இறங்காமல் நின்றது. ஓரத்தில் கீரை. விரல் நுனியில் ஒரு செதில்.

மகேசன் செதிலைப் பார்த்தார். ஒன்றுதானே என்று சொல்ல வாயெடுத்தார். தொட்டிக்குள் இன்னும் மூன்று மிதந்தன. இந்தக் கீரை போய்விட்டது, சட்டிக்குள் போனது தொட்டி அடைப்பதற்கு முன் காலையில் ஆய்ந்தது, அதுவரைக்கும் தப்பினோம் என்று அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

வேறு வழி இல்லை. ஐந்து மணிக்கு ஆட்கள் வருவார்கள். முழங்காலில் இருந்து அலுமாரியைத் திறந்து, சாக்கையும் போத்தல்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கோட்டை அவ்வளவு விரைவில் விழும் என்று அதைக் கட்டியபோது அவர் நினைக்கவில்லை. ஜெயகுமாரி ரோச் லைட்டைப் பிடித்தாள். வெளிச்சம் நேரே அந்த இடத்தில், இரண்டு குழாயும் ஒன்றாகிற அந்த இடத்தில் போய் நின்றது. அவர் வாளியை வைத்து வளைவைக் கழற்ற, ஏழு சனிக்கிழமைகளின் செதில் வெள்ளிக் களியாக வாளிக்குள் விழுந்தது.

கழுவி, மறுபடி பூட்டி, தண்ணீரைத் திறந்தார். சின்னத் தொட்டி மடமடவென்று இறங்கியது. அவள் வெளிச்சத்தை இன்னும் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அதைத் தாங்க முடியாமல் அவரே சொல்லத் தொடங்கினார்: கொன்ஸ்ரன்ரைன்தான் இப்படிப் பூட்டினவன், தான் அப்போதே கேட்டது, சுவருக்குள் எப்படியும் எல்லாம் ஒன்றுதான்...

"முதல் நாளே பாத்தனான்," என்றாள் ஜெயகுமாரி.

மகேசன் முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் தண்ணீர் இரண்டு தொட்டிக்குள்ளும் போனதன் காரணம் இப்போதுதான் அவருக்குள் இறங்கியது, அடைப்பு எடுத்த குழாய் மாதிரி.

"பாத்தும் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"குப்பை ஒழுங்காய்ப் போச்சுது."

அவள் விரல் நுனியிலிருந்த செதிலை வாளிக்குள் தட்டிவிட்டாள். இரண்டு தொட்டியையும் தேய்த்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். குனிந்து மணந்து பார்த்தாள், முதலில் சின்னதை, பிறகு பெரியதை. மகேசன் போத்தல்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கோட்டைக்கு இனி வேலை இல்லை. நாளைக்குச் சனிக்கிழமை. மேரியம்மா காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தார், இரண்டு மீன்.

"அப்ப... நாளைக்கு வெட்டட்டோ?"

ஜெயகுமாரி வாளியிலிருந்ததைக் குப்பைப்பைக்குள் கவிழ்த்தாள். பையை இழுத்து, இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டு, அவருடைய முழங்காலடியில் வைத்தாள். "முதல்ல இது கீழ போகட்டும்." பிறகு சாம்பார்ச் சட்டியை இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டறைப் பக்கம் போய்விட்டாள்.